ஹோஸ்டிங் முடங்கிய நாளிலும் இணையக் கடையில் ஆர்டர் வாங்க முடியுமா?

கேள்வி: போர்வைக்கடை

அனைவருக்கும் வணக்கம். ஈரோட்டிலிருந்து சென்னிமலைப் போர்வைகளையும் பவானி ஜமக்காளங்களையும் இணையத்தில் விற்று வருகிறோம். கடை வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளும், அதில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸும் கொண்டு அமைக்கப்பட்டது. ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங் திட்டத்தில் ஓடுகிறது. ஆடித் தள்ளுபடி வாரத்தில் ஒரு நாள் முற்பகலில் தளம் திறக்காமல் போய், இரவு வரை திரும்பவில்லை. ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கேட்டபோதெல்லாம் பொறியாளர்கள் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள் என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. அவர்களுடைய நிலவரப் பக்கம் வெகுநேரம் வரை எல்லாம் நலம் என்றே காட்டியது.

அந்த நேரத்திலும் இன்ஸ்டாகிராம் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பணம் கட்டியும் உறுதிச் செய்தி வராத சிலர் தொலைபேசியில் அழைத்தார்கள். மின்னஞ்சலும் அதே ஹோஸ்டிங்கில் இருப்பதால் யார் ஆர்டர் கொடுத்தார்கள், யார் பாதியில் நின்றார்கள் என்பதே தெரியவில்லை. தளத்தின் பெயரான டொமைனையும் அவர்களிடமே வாங்கியிருக்கிறோம்.

இனி இப்படி ஒரு நாள் வந்தால், தளம் திரும்பும் வரை கைகட்டி நிற்காமல் ஆர்டர் வாங்குவதற்கு என்ன ஏற்பாடு செய்துவைக்க வேண்டும்? இரண்டாவதாக ஒரு ஹோஸ்டிங் வாங்கித்தான் ஆக வேண்டுமா? வீட்டில் இருவரும் ஓர் உதவியாளரும் மட்டுமே நடத்தும் கடை என்பதை மனத்தில் வைத்துப் பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: இரவுப்பணி

வணக்கம். சிறு கடைகளின் சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். உங்கள் விவரிப்பில் எனக்கு முதலில் உறுத்துவது ஹோஸ்டிங் முடங்கியது அல்ல. டொமைன், டிஎன்எஸ், மின்னஞ்சல், தளம் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் இருப்பதுதான். சர்வர் விழுவதை நீங்கள் தடுக்க முடியாது. ஆனால் உங்கள் டொமைனைத் திறப்பவர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை டிஎன்எஸ் முடிவு செய்கிறது. அந்த விவரத்தை வைத்திருக்கும் சர்வரான நேம்சர்வர் ஹோஸ்டிங் நிறுவனத்துடையதாகவே இருந்தால், அவர்கள் விழும்போது அந்த முடிவும் உங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது.

ஆகவே இன்று, எல்லாம் நன்றாக ஓடும்போதே, டிஎன்எஸ்ஸை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கிளவுட்ஃப்ளேர் போன்றவை இதை இலவசமாகவே தருகின்றன. டொமைன் பதிவையும், புதுப்பிக்கும் காலம் வரும்போது, ஹோஸ்டிங்குக்குத் தொடர்பில்லாத பதிவாளரிடம் மாற்றிவிடலாம். முடங்கிய பிறகு நேம்சர்வரை மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். டாட் காம் டொமைன்களுக்கு நேம்சர்வர் விவரத்தை மற்றக் கணினிகள் 2 நாள் வரை நினைவில் வைத்திருக்கலாம் என்பது அந்த அமைப்பின் விதி. மாறாக, டிஎன்எஸ் ஏற்கெனவே உங்கள் கையில் இருந்து, தளத்தின் முகவரியைக் காட்டும் ஏ பதிவுக்கு டிடிஎல், அதாவது அதை மற்றக் கணினிகள் நினைவில் வைத்திருக்கும் காலம், 300 வினாடி என்று வைத்திருந்தால், முகவரியை மாற்றிய சில நிமிடங்களில் பெரும்பாலானோர் புதிய இடத்துக்கு வந்துவிடுவார்கள். இந்த 300-ஐ முன்பே வைத்திருக்க வேண்டும். விழுந்த பிறகு குறைப்பதால் பயனில்லை, ஏனெனில் பழைய எண்ணை ஏற்கெனவே வாங்கிச் சென்றவர்கள் அதன் காலம் முடியும் வரை அதையே பயன்படுத்துவார்கள்.

அந்தப் புதிய இடத்தில் முழுக் கடையை வைக்கத் தேவையில்லை. ஒற்றைப் பக்கம் போதும். தளத்தில் கோளாறு, ஆனால் ஆர்டர் வாங்குகிறோம் என்ற இரண்டு வரி, அதிகம் விற்கும் இருபது முப்பது பொருள்களின் படமும் விலையும், ஒரு கூகுள் ஃபார்ம், தொலைபேசி எண். டேட்டாபேஸ் இல்லாத இத்தகைய பக்கத்தை நெட்லிஃபை, கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் போன்ற இடங்களில் வைத்துவிட்டால் நூறு பேர் ஒரே நேரத்தில் வந்தாலும் அசையாது. கிட்ஹப் பேஜஸில் மட்டும் வைக்காதீர்கள்; இணைய வணிகத்துக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்கள் விதிகளிலேயே இருக்கிறது.

இந்தப் பக்கத்தில் பலரும் கவனிக்காமல் விடும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, சான்றிதழ். உங்கள் தளம் பாதுகாப்பான இணைப்பான எச்டிடிபிஎஸ்ஸில் ஓடுவதால், மாற்றுப் பக்கத்துக்கும் அதே டொமைன் பெயரில் செல்லுபடியாகும் சான்றிதழ் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரவுசர் சிவப்பு எச்சரிக்கை காட்டி வாடிக்கையாளரை விரட்டிவிடும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் சான்றிதழை டிஎன்எஸ் வழியாக உறுதிசெய்யும் முறையில் முன்கூட்டியே வாங்கி வைக்கலாம். ஆனால் அது 90 நாள்களுக்கே செல்லும் என்பதால் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு தேவை. மற்றொன்று, பழைய பொருள் பக்கங்களின் இணைப்புகள். அவற்றை மாற்றுப் பக்கத்துக்குத் திருப்பும்போது தற்காலிகம் என்று சொல்லும் 302 என்ற குறியீட்டைப் பயன்படுத்துங்கள். 301 என்றால் பிரவுசர்கள் அதை நிரந்தரமாக எடுத்துக்கொண்டு, தளம் திரும்பிய பிறகும் சிலரை மாற்றுப் பக்கத்துக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். எதையும் திருப்பாமல் மன்னிப்பு அறிவிப்பு மட்டும் காட்டுவதானால் 503 என்ற பதிலைக் கொடுங்கள். கூகுள் அதைத் தற்காலிக முடக்கம் என்று புரிந்துகொண்டு பிறகு வந்து பார்க்கும். அது பல நாள் நீடித்தால்தான் தேடல் பட்டியலிலிருந்து பக்கங்கள் விலகத் தொடங்கும்.

பேக்கப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று முழுவதும் எரிந்தது. அதை ஒட்டியிருந்த இன்னொன்றும் ஓரளவு சேதமடைந்தது. 36 லட்சம் இணையதளங்கள் முடங்கியதாக இணைய ஆய்வு நிறுவனமான நெட்கிராஃப்ட் கணக்கிட்டது. பலர் திரும்பி வர முடியாமல் போனதற்குக் காரணம் சர்வர் எரிந்தது மட்டுமல்ல, பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்ததுதான். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பலகையான சிபேனலில் தினமும் எடுக்கப்படும் பேக்கப், அதே சர்வரின் வட்டிலேயே கிடக்க வாய்ப்பு அதிகம். அப்டிராஃப்ட்பிளஸ் போன்ற பேக்கப் மென்பொருள் ஒன்றை வைத்து டேட்டாபேஸையும் படங்களையும் கூகுள் டிரைவுக்கு அனுப்புங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து வேறோர் இடத்தில் கடையை எழுப்பிப் பாருங்கள். எழுப்பிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இரவு எடுத்த பேக்கப்புக்கும் பகலில் விழுந்த நேரத்துக்கும் இடையில் வந்த ஆர்டர்கள் என்னவாகும் என்பது அடுத்த கேள்வி. இதற்கு எளிய வழி உண்டு. வூகாமர்ஸ் ஒவ்வொரு புதிய ஆர்டருக்கும் அனுப்பும் மின்னஞ்சலை, ஹோஸ்டிங்குக்கு வெளியே உள்ள ஜிமெயில் முகவரி ஒன்றுக்கும் போகுமாறு செய்துவிடுங்கள். சர்வர் விழுந்தாலும் கடைசி ஆர்டர் வரை பெயர், முகவரி, தொகை எல்லாம் அந்தப் பெட்டியில் இருக்கும்.

பதில்: மாற்றுச்சர்வர்

மேலே நண்பர் சொன்னவற்றில் பெரும்பகுதி சரி. ஆனால் 2026-இல் ஒரு கடைக்கு கூகுள் ஃபார்ம் கொடுத்து நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. வேறு நிறுவனத்தின் மும்பை அல்லது பெங்களூரு மையத்தில் சிறிய விபிஎஸ் (நமக்கென ஒதுக்கப்படும் மெய்நிகர் சர்வர்) ஒன்றை மாதம் சில நூறு ரூபாய்க்கு வாங்கி, டேட்டாபேஸைக் கால் மணிக்கு ஒருமுறை அங்கே நகலெடுத்து வைத்தால், விழுந்தவுடன் டிஎன்எஸ்ஸை மாற்றி முழுக் கடையையும் அங்கிருந்தே ஓட்டலாம். வாடிக்கையாளருக்கு வித்தியாசமே தெரியாது. கூப்பன், அஞ்சல் கட்டணக் கணக்கு, இருப்பு எல்லாம் வேலை செய்யும். 99.9 சதவீதம் இயங்கும் என்று உறுதி கொடுக்கும் ஹோஸ்டிங்கும் 30 நாள் கொண்ட மாதத்தில் 43 நிமிடம் வரை விழலாம் என்றுதான் அதற்குப் பொருள். அதைத் தாண்டினால் அவர்கள் தருவது அந்த மாதக் கட்டணத்தில் ஒரு பங்கு. உங்கள் ஆடி விற்பனை இழப்பை அல்ல.

பெரிய நிறுவனங்களின் பெயரை நம்பியும் இருக்க முடியாது. 2025 அக்டோபர் 20, தீபாவளி நாளன்று, இந்திய நேரம் நண்பகல் தாண்டியவுடன் அமேசானின் வர்ஜீனியா மையத்தில் டைனமோடிபி என்ற சேவையின் டிஎன்எஸ் பதிவு, அவர்களுடைய தானியங்கி மென்பொருளின் பிழையால் காலியாகிவிட்டது. அதைச் சார்ந்த எண்ணற்ற சேவைகள் பல மணி நேரம் தடுமாறின. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களில் கடையை வைத்திருப்பவருக்கு அத்தகைய நாள் ஒரு பொருட்டாக இருக்காது.

பதில்: இரவுப்பணி

மாற்றுச்சர்வர் நண்பருக்கு: உங்கள் வழி தவறென்று சொல்லவில்லை, அதை இரவும் பகலும் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் கடைக்கு நானும் அதையே அமைத்துக் கொடுக்கிறேன். ஆனால் இவர்கள் மூன்று பேர். கால் மணி நகல் எடுக்கும் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் நின்றுபோனால் அதைக் கவனிக்க யாருமில்லை. ஒரு பிளக்இன் (துணை மென்பொருள்) புதுப்பிப்பு ஒரு பக்கம் மட்டும் நடந்திருந்தாலும், மாற்றும் நாளில்தான் அது தெரியவரும்.

அதைவிடப் பெரிய சிக்கல் திரும்பி வருவதில் இருக்கிறது. முதல் சர்வர் பாதி உயிரோடு இருக்கும் நேரங்கள் உண்டு. டிஎன்எஸ் மாறிய பிறகும் சிலருடைய தொலைபேசி பழைய முகவரிக்கே போகும். அப்போது இரு இடங்களிலும் ஆர்டர் விழும். ஒரே ஆர்டர் எண் இரண்டு பேருக்குப் போகும். கடைசியாக இருந்த ஒரு ஜமக்காளம் இரண்டு முறை விற்கும். பிறகு இரண்டு டேட்டாபேஸையும் ஒன்றாகச் சேர்ப்பது, வேர்ட்பிரஸ்ஸின் உள்ளமைப்பு தெரிந்தவருக்கே ஒரு நாள் வேலை. நண்பரின் வழியில் போவதானால் இரண்டாவது சர்வரில் ஆர்டர் எண் வெகு தொலைவிலிருந்து, உதாரணமாக 5,00,000-லிருந்து, தொடங்குமாறு அமைக்க வேண்டும். அங்கே இருப்பு எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக் காட்ட வேண்டும். முதல் சர்வர் எழுந்தவுடன் அதில் ஆர்டரை முடித்துப் பணம் கட்டும் செக்அவுட்டை மூடிவைத்த பிறகே எதையும் திருப்ப வேண்டும். இவ்வளவும் பதற்றமான ஒரு மாலையில் செய்யக்கூடியவையா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். ஃபார்மில் வந்த ஐம்பது ஆர்டர்களைக் கையால் ஏற்றுவது சலிப்பான வேலைதான். ஆனால் அதில் எதுவும் கெட்டுப்போகாது.

நிலவரப் பக்கம் எல்லாம் நலம் என்றே காட்டியது என்று எழுதியிருந்தீர்கள். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்பகம் விழுந்தபோது, அவர்களுடைய நிலவரப் பக்கமே அதே எஸ்3-ஐச் சார்ந்திருந்ததால் அதைத் திருத்தவே முடியாமல் போனது. அறிவிப்பை ட்விட்டரில் போட்டார்கள். எனவே வெளியிலிருந்து பார்க்கும் சேவை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அப்டைம்ரோபோ போன்றவை சில நிமிடங்களுக்கு ஒருமுறை பார்த்துச் சொல்லும். முகப்பை மட்டும் அல்லாமல், டேட்டாபேஸைத் தொடும் பொருள் பக்கம் ஒன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். முகப்பு, முன்பே சேமித்துவைத்த நகலான கேச்சிலிருந்து அழகாகத் திறக்க, உள்ளே எதுவும் ஓடாமல் இருப்பது அடிக்கடி நடப்பது.

பதில்: கணக்கு எழுதுபவர்

தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது. ஆனால் தளம் விழுந்த நாளின் குழப்பம் மாதக் கடைசியில் எங்கள் மேசைக்குத்தான் வந்து சேர்கிறது என்பதால் இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பணம் போய்ச் செய்தி வராத வாடிக்கையாளர்கள். அவர்களிடம் உடனே மறுபடி கட்டச் சொல்லாதீர்கள்; அதே சமயம் பதற்றத்தில் உங்கள் கையிலிருந்து திருப்பியும் அனுப்பாதீர்கள், இரண்டு முறை பணம் போய்விடும். முதலில், வாடிக்கையாளரின் பணத்தைப் பெற்றுத் தரும் பேமென்ட் கேட்வேயின் டாஷ்போர்டைத் திறந்து பாருங்கள். அது உங்கள் தளத்தைச் சாராதது. பணம் அங்கே வந்திருந்தால் அதில் உள்ள தொலைபேசி எண்ணை வைத்து ஆர்டரை உறுதிசெய்யலாம். வராமலே இருந்தால், 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை பொருந்தும்: கணக்கில் பணம் கழிந்து, வணிகருக்கு உறுதி வராத யுபிஐ பரிவர்த்தனைகளையும் இணையக் கார்டு பரிவர்த்தனைகளையும், நடந்த நாளிலிருந்து 5 நாள்களுக்குள் வங்கித் தரப்பே தானாகத் திருப்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதை அமைதியாக எடுத்துச் சொன்னால் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, பில். கோளாறு நாளில் கையால் எழுதும் பில்களுக்குக் கடையின் வழக்கமான தொடர் எண்ணைப் போட்டுவிட்டு, பிறகு தளம் எழுந்து அதே எண்ணைத் தானாக இன்னொருவருக்குப் போட்டால் சிக்கல். ஜிஎஸ்டி விதி 46-இன்படி பில் எண் 16 எழுத்துகளுக்கு மிகாமல், தொடர்ச்சியாக, ஒரு நிதியாண்டில் ஒருமுறைக்கு மேல் வராததாக இருக்க வேண்டும். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்களை வைத்துக்கொள்ள அதே விதி இடம் தருகிறது. ஆகவே கைப்பில்லுக்கென வேறு முன்னெழுத்தோடு தனித் தொடர் ஒன்றை இப்போதே தொடங்கி, பில் புத்தகமாக அச்சிட்டு வைத்துவிடுங்கள். விற்பனை விவரம் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் 13-ஆம் அட்டவணையில் அந்தத் தொடரையும் எங்கிருந்து எதுவரை என்று காட்டிவிட்டால் போதும். பிறகு அதே ஆர்டரை வூகாமர்ஸில் ஏற்றும்போது அங்கே இன்னொரு பில் உருவாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே விற்பனைக்கு இரண்டு முறை வரி காட்டுவது நான் அடிக்கடி பார்க்கும் ஒன்று.

போர்வைக்கடை

அனைவருக்கும் மிக்க நன்றி. டிஎன்எஸ்ஸையும் மின்னஞ்சலையும் இந்த வாரமே பிரிக்கப் போகிறோம். இரண்டாவது சர்வர் இப்போதைக்கு வேண்டாம் என்று வீட்டில் பேசி முடிவு செய்திருக்கிறோம். மாற்றுச்சர்வர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒரு சந்தேகம். எங்கள் பழைய வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் பேசுகிறார்கள். ஃபார்ம், தனிப் பக்கம் எல்லாம் எதற்கு, வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் போட்டுவிட்டு, டொமைனை நேராக அந்த இணைப்புக்கே திருப்பிவிடலாமே என்கிறார் உதவியாளர். அது போதுமா? பணம் வாங்குவதற்கு எங்கள் யுபிஐ கியூஆரைப் படமாக அனுப்பினால் சரியாக இருக்குமா?

பதில்: இரவுப்பணி

வாட்ஸ்அப் கேட்டலாக்கில் 500 பொருள் வரை போடலாம் என்பதால் உங்கள் கடைக்கு இடம் போதும். முதன்மை வழியாக அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் டொமைனை நேராக அங்கே திருப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. 2021 அக்டோபர் 4 அன்று, நம் நேரப்படி இரவு 9 மணியளவில், ஃபேஸ்புக் நிறுவனம் தன் நெட்வொர்க் பராமரிப்பின்போது செய்த பிழையால் இணையத்திலிருந்தே காணாமல் போனது. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் இரண்டும் ஏறத்தாழ 6 மணி நேரம் திறக்கவில்லை. உங்கள் விளம்பரமும் ஆர்டர் வழியும் ஒரே நிறுவனத்திடம் இருக்கும் நிலையில், நடுவில் உங்கள் சொந்தப் பக்கம் ஒன்று இருந்து, அதில் வாட்ஸ்அப் பொத்தான், ஃபார்ம், தொலைபேசி எண் மூன்றும் இருந்தால், எது விழுந்தாலும் மற்றது நிற்கும். நான் பரிந்துரைத்த கிளவுட்ஃப்ளேரும் விதிவிலக்கல்ல: 2025 நவம்பர் 18 அன்று அவர்களே விழுந்தபோது, பல வாடிக்கையாளர்களால் டாஷ்போர்டில் நுழைந்து தங்கள் டிஎன்எஸ்ஸை மாற்றக்கூட முடியவில்லை. அதனால்தான் டொமைன் பதிவை டிஎன்எஸ் நிறுவனத்திடமும் வைக்காமல் மூன்றாவது இடத்தில் வைக்கச் சொல்வேன். பழைய வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களை மாதம் ஒருமுறை ஏற்றுமதி செய்து, உங்கள் கணினியில் கடவுச்சொல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தி அனுப்ப அது போதும்.

கியூஆர் படம் அனுப்பலாம், ஆனால் கணக்குப் பார்ப்பது கடினம். முந்நூறு ரூபாய் தலையணை உறைக்கு ஒரே நேரத்தில் ஐந்து பேர் பணம் அனுப்பினால் எது யாருடையது என்று தெரியாது. கேட்வேயின் டாஷ்போர்டிலோ செயலியிலோ ஒவ்வோர் ஆர்டருக்கும் தனிப் பேமென்ட் லிங்க் உருவாக்கி அனுப்புவது நல்லது; தொகையை வாடிக்கையாளர் மாற்ற முடியாது, காலாவதி நேரமும் வைக்கலாம். கியூஆர்தான் வழி என்றால், வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் கட்டாதீர்கள். அதில் உள்ள 12 இலக்க யுபிஐ குறிப்பு எண் உங்கள் வங்கிக் கணக்கில் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள். போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிக்கும் செயலிகள் தாராளமாகக் கிடைக்கின்றன.

விளம்பரத்தைப் பொறுத்தவரை, மாற்றுப் பக்கம் எழும் வரை நிறுத்திவையுங்கள். அதற்கான செயலியும் கடவுச்சொல்லும் உங்கள் மூவரில் குறைந்தது இருவரிடம் இருக்கட்டும்.

தளம் எழுந்ததும் செய்ய வேண்டிய ஒன்று மிச்சமிருக்கிறது. ஹோஸ்டிங் நிறுவனம் சரியாகிவிட்டது என்று சொன்னவுடன் டிஎன்எஸ்ஸைத் திருப்பிவிடாதீர்கள். அவர்கள் பழைய பேக்கப்பிலிருந்து மீட்டிருந்தால், உங்கள் கடை முந்தைய நாள் நிலையில் எழுந்திருக்கும். முதலில் உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் டொமைனுக்குப் பழைய சர்வர் முகவரியை எழுதி, உங்களுக்கு மட்டும் தளம் தெரியுமாறு செய்துகொள்ளுங்கள். கடைசி ஆர்டர் எண்ணை ஜிமெயில் பெட்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். விடுபட்ட ஆர்டர்களையும் ஃபார்மில் வந்தவற்றையும் ஏற்றி, இருப்பைச் சரிசெய்த பிறகு ஃபார்மை மூடி, அதன் பின்பே முகவரியைத் திருப்புங்கள். பணம் வந்ததை உங்கள் தளத்துக்குத் தானாகத் தெரிவிக்கும் கேட்வேயின் வெப்ஹுக் அமைப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரேசர்பே என்ற கேட்வேயில், உங்கள் சர்வர் 24 மணி நேரம் தொடர்ந்து பதில் தராவிட்டால் அந்த வெப்ஹுக் முடக்கப்பட்டுவிடும், நீங்களே போய் மீண்டும் இயக்க வேண்டும். அதைக் கவனிக்காவிட்டால் கடை நன்றாகத் திறந்திருக்கும், பணமும் வரும், ஆனால் ஆர்டர்கள் பணம் வராதவையாகவே பட்டியலில் கிடக்கும்.